திரும்ப அழைத்தார்களா, வீட்டுக்கு அனுப்பினார்களா?

போன வாரம் மறுபடியும் அந்த வாக்கியம் கண்ணில் பட்டது: ‘1921இல் வடக்கு டகோட்டா ஆளுநர் லின் ஃபிரேசியர் திரும்ப அழைக்கப்பட்டார்.’ போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகன் வைத்திருந்த குறிப்பேட்டில் இருந்தது. “எங்கே போயிருந்தார் மாமா, திரும்பக் கூப்பிட?” என்றான். அடுத்த கேள்வி இன்னும் மோசம்: “ஜனாதிபதியா கூப்பிட்டார்?”

பையன் மேல் தப்பில்லை. தமிழில் ‘திரும்ப அழை’ என்றால் மறுபடி வரச் சொல் என்று பொருள். கோபித்துக்கொண்டு போன மருமகளைத் திரும்ப அழைக்கலாம். ஃபிரேசியரோ அமெரிக்க மாநிலம் ஒன்றில் மக்களே வாக்குப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கியவர். அவரை எப்படி அழைப்பது?

இது ‘ரீகால்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லின் பூர்வீகம் எளிது. முன்னொட்டு ‘பின்னே, மீண்டும்’ என்பது, மிச்சம் ‘கூப்பிடு’. வெளிநாடு போன தூதரை அரசன் வரச் சொல்வது பழைய பொருள். அமெரிக்காவின் முதல் கூட்டமைப்பு விதிகள் 1781இல் நடைமுறைக்கு வந்தபோது, காங்கிரசுக்கு அனுப்பிய பிரதிநிதிகளை மாநிலங்கள் இப்படி அழைத்துக்கொள்ள இடம் இருந்தது. அனுப்பியவர் ஒருவர், போன ஊர் ஒன்று, சொல் கச்சிதம். அப்புறம் 1903இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர சாசனமும், 1908இல் ஒரிகன் மாநிலமும், 1911இல் ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்த கலிஃபோர்னியாவும், பதவிக்காலம் முடியுமுன்னே வாக்காளரே ஒருவரை நீக்கும் முறையைக் கொண்டுவந்தன. பொருள் மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் பழகிப்போன பெயர், சரி. நாம் எதற்கு எழுத்தெழுத்தாகத் தூக்கி வரவேண்டும்?

ஃபிரேசியர் கதையைச் சொன்னால் சிக்கல் விளங்கும். மினசோட்டாவில் 1874இல் பிறந்தவர், டகோட்டாவில் வளர்ந்தவர். ஹூப்பிள் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் விவசாயம். கோதுமைக்கு விலை வைத்தவர்களும் கடன் கொடுத்தவர்களும் மினியாபொலிஸ் பக்கத்து வியாபாரிகளும் வங்கிகளும், விளைவித்தவனுக்கு வாயில்லை. அந்தக் கோபத்தில் 1915இல் கட்சிசாரா லீக் என்ற விவசாயிகள் அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டே ஃபிரேசியரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கி, பதிவான வாக்கில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கிக் கொடுத்துக் கவர்னர் ஆக்கியது. 1918, 1920 தேர்தல்களிலும் அவரே. 1919இல் மாநிலமே ஒரு வங்கி தொடங்கியது. வடக்கு டகோட்டா வங்கி இன்றைக்கும் நடக்கிறது. மாநில அரசின் மாவு ஆலை கிராண்ட் ஃபோர்க்ஸில் எழுந்தது. எதிரிகள் சும்மா இருப்பார்களா? போர் முடிந்தபின் பயிர் விலை விழுந்தது, வங்கிக்குப் பண நெருக்கடி. நீக்கும் சட்டத்திருத்தமும் 1920இல், இவர் ஆட்சியிலேயே வந்தது. கையெழுத்து திரட்டினார்கள். 1921 அக்டோபர் 28இல் தேர்தல். எதிர்த்து நின்ற ராக்ன்வால்ட் நெஸ்டோஸ் 1,11,434, ஃபிரேசியர் 1,07,332. வித்தியாசம் 4,102 வாக்கு. அட்டர்னி ஜெனரல் வில்லியம் லெம்கேயும் விவசாய ஆணையரும் அதே நாளில் காலி. அமெரிக்காவில் இப்படிப் பதவி இழந்த முதல் கவர்னர் இவர்தான். அடுத்தவர் 2003இல், கலிஃபோர்னியாவின் கிரே டேவிஸ்.

இதில் ‘அழைப்பு’ எங்கே இருக்கிறது? ‘வயலுக்குத் திரும்ப அழைத்தார்கள் என்று கொள்ளலாமே’ என்று மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் வாதாடினார். ரசித்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. ‘மீளழைப்பு’ என்று சுருக்கினால் குறை தீராது. சொல் அழகாகும், பொருள் அப்படியே கோணலாக நிற்கும்.

‘திரும்பப் பெறுதல்’ கொஞ்சம் தேவலை. பழுதான காரைக் கம்பெனி திரும்பப் பெறலாம், மனுவைத் திரும்பப் பெறலாம். நம் ஊரில் ‘ஆளுநரைத் திரும்பப் பெறு’ என்று முழக்கம் எழுந்தபோது அது சரியான தமிழ். அனுப்பியது டெல்லி, எடுத்துக்கொள்ள வேண்டியதும் டெல்லி. அதே தொடரை ஃபிரேசியருக்குப் போட்டால் வாஷிங்டனிலிருந்து யாரோ அவரை அனுப்பியதுபோல ஆகிறது. அக்கா மகனுக்கு ஜனாதிபதி ஞாபகம் வந்தது இதனால்தான். நம் ஆளுநர் நியமனம் பெற்றவர்; அமெரிக்க மாநிலக் கவர்னர் வாக்கு கேட்டு ஜெயித்து ஆட்சி நடத்துபவர், வேலையில் நம் முதல்வருக்கு நெருக்கம். ‘ஆளுநர்’ என்பதை மாற்றச் சொல்லவில்லை. ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்று முன்னால் ஒருமுறை போட்டால் போதும். அதற்குக்கூடச் சோம்பல்.

வெறும் ‘பதவிநீக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். அது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விசாரித்து நீக்குவதற்கு ஏற்கெனவே ஒதுக்கிய சொல். ‘பதவியிறக்கம்’ அலுவலகத்தில் ஒரு படி கீழே தள்ளுவது. ‘வாக்காளர் நீக்கம்’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துத் தலையில் கைவைத்தேன். பட்டியலிலிருந்து பெயர் அடித்துவிட்டார்கள் என்றல்லவா படிக்கத் தோன்றும்!

என் முடிவு ‘பதவிநீக்கத் தேர்தல்’. தேர்தல் என்றதும் நீக்குவது மக்கள் என்று தெரிந்துவிடுகிறது. நீக்குவதற்கு எப்படித் தேர்தல் என்று கேட்டால், 1921இல் அதே வாக்குச்சீட்டில்தான் நெஸ்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வினையாக வேண்டுமா? ‘வாக்களித்து நீக்கினார்கள்’. இதற்குமேல் புதுச்சொல் எதற்கு?

பொருளைப் பார்க்காமல் அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பையனின் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘பதவிநீக்கத் தேர்தலில் தோற்றார்.’ கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன். 1922இல் அதே மாநில மக்கள் ஃபிரேசியரை அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1941 வரை அங்கே இருந்தார். “இதைத்தானே மாமா திரும்ப அழைத்தார்கள் என்று சொல்லணும்?” என்றான்.