எஞ்சின் அப்புறம், முதலில் கூரையைப் பாருங்கள்

போன மாதம் இன்னொரு அழைப்பு. இங்கே இங்கிலாந்தில் ஒரு சின்னத் தன்னார்வக் குழு, 1950களின் இறுதியில் கட்டிய, தன் எஞ்சினாலேயே தனியாக ஓடும் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புது பேட்டரி மாட்டி பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நான் போய்ப் பிரித்துப் பார்த்தால் ஒரு கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கிறது. முகப்பில் கூரை வரை ஏறும் புகைக்குழாயின் வாயைப் பல வருஷமாக யாரும் மூடவில்லை. மழைத்தண்ணீர் இறங்கி சிலிண்டரில் நின்றிருக்கிறது. தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் வேறென்ன ஆகும்?

ராடு வளைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தேடினால் வேறொன்று கிடைக்கும். பெட்டிக்குள் ஏறியபோதுதான் மனம் விட்டுப்போனது. கதவோரத்து லினோலியத்தைத் தூக்கினால் அடியில் பிளைவுட் கையோடு பிய்ந்து வருகிறது. சன்னல் தூணின் அடியில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. அதே இடத்தில் வெளிப்பக்கம் புதுப் பச்சை பெயின்ட் பளபளக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் பிசின் புட்டி, புட்டிக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

பழைய ரயில் காரின் உயிர் எஞ்சினில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நன்கொடை கேட்கும் அறிவிப்பில் எஞ்சின் படம், வீடியோவில் எஞ்சின் சத்தம், முதல் செலவும் எஞ்சினுக்கே. டீசல் ரயில் காரின் வரலாறு கொஞ்சம் தெரிந்தாலே இது தலைகீழ் என்று புரிந்துவிடும்.

அந்நாளைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனியான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1933 இறுதியில் தன் முதல் டீசல் ரயில் காரை ஓட்டியது. 69 இருக்கை, வளைந்து வழுக்கும் முகப்பு. எஞ்சின் எங்கிருந்து வந்தது? மேற்கு லண்டனின் சவுத்தாலில் பஸ்ஸும் லாரியும் செய்துகொண்டிருந்த ஏஇசி கம்பெனியிலிருந்து. அதாவது பஸ் எஞ்சினின் நெருங்கிய உறவு. 1934இல் வந்த அடுத்த மூன்று கார்களில் இரண்டிரண்டு எஞ்சின், உள்ளே சிற்றுண்டிக் கூடம். பர்மிங்ஹாமுக்கும் கார்டிஃபுக்கும் இடையே விரைவு வண்டியாகவே அவை ஓடின. 1940களின் தொடக்கம் வரை மொத்தம் 38 கார்கள் கட்டினார்கள். 1962க்குள் எல்லாமே சேவையிலிருந்து போய்விட்டன.

இன்று மிச்சம் மூன்று. 4ஆம் எண் கார் பிரிட்டனின் தேசியச் சேகரிப்பில் இருக்கிறது. 22ஆம் எண் டிட்காட்டில் இருக்கும் கிரேட் வெஸ்டர்ன் சங்கத்திடம். 20ஆம் எண் கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ரயில்வேயில், பல பத்தாண்டுகளைச் சீரமைப்பிலேயே கழித்தது.

ஏன் அவ்வளவு காலம்? அந்தக் காலத்து உடல் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. மரம் உளுத்தால் தகட்டைக் கழற்றி ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து, புது மரத்தில் செதுக்கிப் பொருத்த வேண்டும். அதற்குத் தச்சர் வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும், பணம் வேண்டும். எஞ்சின் அப்படி இல்லை. ஏஇசி எஞ்சினோடு பிறந்த லண்டன் ஆர்டி ரகப் பஸ்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஃப்ளூயிட் ஃப்ளைவீல் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது), பிரீசெலக்டர் கியர்பாக்ஸ் (கியரை முன்கூட்டியே தேர்ந்துவைப்பது) என்றால் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டு வரக்கூடியவர்கள். (அவர்களோடு நட்பாக இருங்கள்.) பஸ் கடையில் கூரைச் சட்டம் கிடைக்காது. 1950களின் பெட்டிகளில் பெரும்பாலும் மரச்சட்டத்துக்குப் பதில் எஃகு, உளுப்புக்குப் பதில் துரு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மேலிருந்து சொட்டும் தண்ணீர்.

அதனால், தயவுசெய்து:

கூரைத் தகடுகள் சேரும் தையல்களையும், மழைத்தண்ணீர் ஓடும் ஓரக் காடியையும் முதலில் பாருங்கள். இலை அடைத்த காடி வழிந்து தண்ணீர் தூணுக்குள்தான் இறங்கும். சன்னல் ரப்பர் இறுகி வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். உள்ளே வியர்த்து, ஈரம் வெளியேற வழியில்லாமல், மழையில் நின்றதைவிட வேகமாக அழுகும். பக்கங்கள் திறந்த ஒரு கொட்டகை போதும். அதற்கும் வழியில்லையா, தார்ப்பாய்க்கும் கூரைக்கும் நடுவே சட்டம் கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள். காற்று ஓடட்டும்.

புகைக்குழாயை மூடுங்கள். பல வருஷம் நின்ற எஞ்சினில் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிளக்கைத் திறந்து முதலில் விழுவது என்ன என்று பாருங்கள். முதலில் தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு வேலை அத்தோடு முடிந்தது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓட்டி அணைப்பதால் நன்மை என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்தால் ஆயிலில் ஈரமும் அமிலமும்தான் சேரும். ஓட்டுவதென்றால் பாரம் ஏற்றி நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் துருத் தடுப்பு எண்ணெய் போட்டு நிறுத்திவையுங்கள். குளிர்காலத்துக்கு முன் ரேடியேட்டரிலும் எஞ்சின் பிளாக்கிலும் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்து வெடித்த பிளாக்கை ஒட்டவைக்க என்னிடம் மந்திரம் இல்லை.

அடிப்பகுதியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவாமல் வெல்டிங் வைக்காதீர்கள். கிரேட் வெஸ்டர்னின் அந்த 38 கார்களில் சில, சேவையில் இருந்தபோதே தீப்பிடித்து அழிந்தவை. மேலே காய்ந்த மரம், கீழே டீசல் என்பதை ஒரு நிமிஷமும் மறக்கக்கூடாது.

1950களின் பல பெட்டிகளில் சுவர்த் தகட்டுக்குப் பின்னால் நீல ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்தான நார்) தெளித்திருப்பார்கள். நீக்கியதற்கான சான்றிதழ் கையில் இல்லாமல் ஒரு திருகைக்கூடக் கழற்றக்கூடாது. இதில் யாரோடும் பேரம் பேச மாட்டேன். "சும்மா ஒரு பேனல்தான்" என்று துரப்பணத்தோடு நிற்கும் இளைஞர்களை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

அப்புறம், உளுத்த மரத்தைக் குப்பையில் போடும் வழக்கம். அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தத் துண்டுதான் புதுச் சட்டத்துக்கு அளவு. கழற்றும் முன் படம் எடுங்கள், எண் எழுதுங்கள், புதுச் சட்டம் ஏறும் வரை வைத்திருங்கள். பெயின்ட்டை மொத்தமாகச் சுரண்டாமல், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுவையுங்கள். எந்த வருஷம் என்ன நிறம் என்று பின்னால் வருபவர்கள் அந்த அடுக்குகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

அடுத்த முறை என்னைக் கூப்பிடும்போது எஞ்சின் வீடியோ அனுப்ப வேண்டாம். தூண்களின் அடிப்பகுதி, கதவுக் கீழ்ச்சட்டம், கூரைக் காடி, இந்த மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். வருவதற்கு முன் என்ன சாமான் எடுத்துவர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.