எட்டா, பதினொண்ணா?

தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி ஒரு சின்ன வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் எத்தனை கால்வாய் என்று எண்ணச் சொன்னால், நான் எழுதிய நிரல் 8 என்றது. பாளையங்கால் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஏல, அது அணை கணக்குல்லா? கால் பதினொண்ணு."

அவர் சொன்னதுதான் சரி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைகள் 8. கோடைமேலழகியானில் வடக்கு, தெற்கு என இரண்டு கால். மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று. ஆக 11.

நிரலில் நான் பயன்படுத்தியது 'மேப்' என்ற கட்டளை. ஒரு பட்டியலையும் ஒரு ஃபங்ஷனையும் (ஒன்றை வாங்கி விடை தரும் நிரல்துண்டு) அதனிடம் கொடுத்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் ஃபங்ஷனில் போட்டு, வருகிற விடைகளை அதே வரிசையில் புதுப் பட்டியலாகக் கொடுக்கும். பழைய பட்டியல் அப்படியே இருக்கும். எத்தனை உள்ளே போனதோ அத்தனைதான் வெளியே வரும், கூடாது, குறையாது. என் ஃபங்ஷனோ ஓர் அணையை வாங்கிக்கொண்டு அதன் கால்களைப் பட்டியலாகத் தருவது. எட்டு அணை போனது, எட்டுப் பட்டியல் வந்தது. பதினொரு காலும் அவற்றுக்குள்தான் இருந்தன.

உள்ளே இருக்கும் வரப்புகளை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்குவது 'ஃப்ளாட்'. இரண்டையும் சேர்த்துச் செய்வது 'ஃப்ளாட்மேப்'. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் இவை 2019 பதிப்பில்தான் வந்தன. முதலில் 'ஃப்ளாட்டன்' என்றே பெயர் வைக்க நினைத்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகம் ஏற்கெனவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருந்தது; பழைய தளங்கள் உடையும் என்று பெயரைச் சுருக்கிவிட்டார்கள்.

வரப்பு ஒரு நிலைதான் வெட்டப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் உள்ளே அதன் குளங்களின் பட்டியல் இருந்தால் அது அப்படியே நிற்கும். ஃப்ளாட்டிடம் எத்தனை நிலை என்று எண் கொடுக்கலாம். ஃப்ளாட்மேப்புக்கு எப்போதும் ஒன்றுதான்.

காலிப் பட்டியல் வந்தால் என்ன ஆகும்? சுவடில்லாமல் போய்விடும். பெயரில் வடக்கோ தெற்கோ உள்ள கால்களை மட்டும் கொடு, இல்லாவிட்டால் காலிப் பட்டியல் கொடு என்றால் 8 அணைக்கு 4 கால்தான் மிஞ்சும். வடிகட்டும் வேலையும் இதிலேயே முடிகிறது. எனக்கு ஃப்ளாட்மேப் பிடித்துப்போனது இதனால்தான்.

பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் ஒருமுறை இதில் நன்றாக மாட்டினேன். ஒரே கால் உள்ள அணைக்குப் பட்டியல் எதற்கு என்று வெறும் பெயரையே ஃபங்ஷனில் திருப்பிக் கொடுத்திருந்தேன். பைத்தானின் கணக்கில் பெயர் போன்ற எழுத்துச்சரமும் பட்டியலைப் போல ஒரு வரிசைதான். வரப்பை வெட்டியதும் 'கன்னடியன்' துண்டு துண்டாக உதிர்ந்தது. நாம் எண்ணினால் ஆறு எழுத்து. அது கொடுத்தது ஒன்பது துண்டு. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியே வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றே ஒன்று என்றாலும் பட்டியலுக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, 11 வந்துவிட்டது. அப்புறம் சித்தப்பா கேட்டார்: "எங்க கால் எந்த அணையில பிரியுதுன்னு இதுல எங்கல இருக்கு?"

இல்லை. வரப்போடு சேர்ந்து அணையின் பெயரும் போய்விட்டது. மருதூர் மேலக்கால் என்றால் பெயரே சொல்லிவிடும். கோடகன் கால் அரியநாயகிபுரத்தில் பிரிகிறது என்று அந்தப் பெயரை வைத்து யாரால் சொல்ல முடியும்? வெட்டிய பிறகு தேடிப் பயனில்லை. அணை எது என்று தெரிவது ஃபங்ஷனுக்குள் இருக்கும்போது மட்டும்தான். அங்கேயே அணையையும் காலையும் ஜோடியாகக் கட்டிக் கொடுக்கும்படி ஒரு வரியை மாற்றினேன். ஆறாவது வரியில் வந்தது: பழவூர், பாளையங்கால். "ஆறாவதா?" என்றார் சித்தப்பா. பழவூர் ஐந்தாவது அணைதான்; கோடைமேலழகியானில் இரண்டு கால் இருப்பதால் அதற்கு முன்னால் ஐந்து வரி போய்விட்டது.