நோயுற்ற காட்டு விலங்கு வயலில் கிடந்தால்: கை வைக்க முன் 1992க்கு அழையுங்கள்

2021 ஜூனில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைச் சிங்கத்துக்குக் கொரோனா என்றதும் நாடே அதைப் பற்றிப் பேசியது. மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு மான் மூக்கு ஒழுகி வரம்போரம் விழுந்து கிடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பலர் இரக்கப்பட்டே மாட்டிக்கொள்கிறார்கள். வவுணதீவுப் பக்கம் ஒருவர், எழும்ப ஏலாமல் கிடந்த மான்குட்டியைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். "எங்க பிடிச்ச?" என்று பின்னேரம் வரை அவரை உட்காரவைத்து விசாரித்தார்கள். 1937 முதல் இருக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். செத்ததன் இறைச்சி, தோல் என்றாலும் அப்படித்தான். ஆகவே தூக்காதீர்கள். தூர நின்று படம் எடுத்துவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

அப்புறம்தான் அலைச்சல். திணைக்களத்தில் "உங்கட வயல்தானே, பிரதேச சபையிடம் சொல்லுங்க" என்பார்கள். சபையில் "காட்டு விலங்கில நாங்க கை வைக்க ஏலாது" என்பார்கள். மிருக வைத்தியர் அலுவலகத்தில் "நாங்க ஆடு, மாடு, கோழிதான் பார்ப்பம்" என்று பதில் வரும். யாருடைய காணியில் கிடந்தாலும் காட்டு விலங்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. இதைச் சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள்.

போனில் "கொரோனா" என்று தொடங்க வேண்டாம். உடனே சுகாதாரப் பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். கண்டதைச் சொல்லுங்கள்: மூச்சு இழுக்கிறது, நுரை தள்ளுகிறது, கழிச்சல். என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

யாரும் வரவில்லையா? கிராம சேவகரிடம் சொல்லி, பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் அடுத்த நாளே "கிடைக்கவில்லை" ஆகிவிடும். விலங்கு செத்து, அதன் மரணப் பரிசோதனை முடிவைக் கேட்டும் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

அதுவரை நாயையும் மாட்டையும் கிட்ட விடாதீர்கள். உங்களுக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் நீங்களும் கிட்டப் போகாதீர்கள். அமெரிக்காவில் காட்டு மான்களுக்குக் கொரோனா மனிதரிடமிருந்துதான் தொற்றியது. உங்கள் மாடும் அதே நேரம் சோர்ந்து கிடந்தால் மிருக வைத்தியரிடம் தனியாகப் பதியுங்கள்.

கடியோ கீறலோ பட்டிருந்தால் எந்த அலுவலகத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் ஊசி அங்கே இலவசம்.