வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றலாமா?

கேக் செய்முறையில் 100 கிராம் வெண்ணெய் என்று போட்டிருக்கும்; வீட்டில் இருப்பதோ சூரியகாந்தி எண்ணெய். இரண்டும் கொழுப்புதானே என்று அதே 100 கிராமை ஊற்றினால் கேக் சரியாக எழும்பாது, தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டும்.

முதல் சிக்கல் அளவு. அதைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். கடை வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்; மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதம். எண்ணெயிலும் நெய்யிலும் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். எனவே 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

காற்றுதான் பெரிய சிக்கல். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் படிகங்களின் முனைகள் கெட்டிக் கொழுப்பைக் கீறிக் காற்றை உள்ளே இழுத்துச் செல்கின்றன. வெண்ணெயில் உள்ள நுண்ணிய கொழுப்புப் படிகங்கள் அந்தக் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. மஞ்சள் வெளுத்து, கலவை பொங்கி வருவது அதனால்தான். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கும் இந்தக் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. எண்ணெயில் படிகமே இல்லை. எவ்வளவு அடித்தாலும் குமிழி தங்காது. வெண்ணெய் உருகிவிட்டாலும் இதே கதைதான். அது 32 முதல் 35 டிகிரியில் உருகும். மே மாதத்துச் சென்னை சமையலறையின் வெப்பமும் அதுதான். கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படியானால் எண்ணெய்க் கேக்கே கிடையாதா? உண்டு, காற்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் காப்பீட்டு முகவராக இருந்த ஹாரி பேக்கர் 1927-ல் உருவாக்கிய ஷிஃபான் கேக்கில் கொழுப்பு முழுக்க எண்ணெய்தான். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்ததால் அது பஞ்சு போல எழும்பியது. அந்தச் செய்முறையை அவர் ரகசியமாகவே வைத்திருந்து 1947-ல் விற்றார். எண்ணெய்க் கேக்கில் இன்னொரு வசதியும் உண்டு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் உள்ளே கொழுப்பு உறையாது, கேக் மெத்தென்றே இருக்கும். வெண்ணெய்க் கேக்கோ கல்லாகிவிடும்.

நெய் பிஸ்கட்டுக்குக் காற்றை விட உறைவு முக்கியம். உருகிய நெய்யில் பிசைந்தால் மாவு தட்டில் பரவித் தட்டையாகும். மணல் மணலாக உறைந்த நெய்தான் பிஸ்கட்டுக்கு வடிவம் தரும். மைதாத் துகள்களைக் கொழுப்பு போர்த்திக்கொள்வதால், மாவை இழுவையாக்கும் கோதுமைப் புரதமான குளுட்டனின் இழைகள் நீள முடியாமல் போகின்றன. கடித்தால் பொலபொலவென்று உதிர்வது அதனால்.

முறுக்கில் இந்தக் கவலையே இல்லை. அரிசி மாவில் குளுட்டன் கிடையாது. வெண்ணெய் அங்கே மாவுத் துகள்கள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளாமல் இடையில் புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பிசைந்தாலும் அதே வேலை நடக்கும். எதுவானாலும் கை தாராளமாகிவிட்டால் பிழிந்த முறுக்கு வாணலியிலேயே பிரிந்து போகும்.

பேக்கரி பப்ஸில் வெண்ணெயை ஏன் காணோம் என்று கேட்பவர்களுக்கும் விடை உருகுநிலைதான். மடித்து மடித்துத் தேய்க்கும் மாவின் அடுக்குகளுக்கு இடையில் கொழுப்பு கெட்டியாக நிற்க வேண்டும். நம் வெயிலில் வெண்ணெய் வழிந்துவிடும். எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும், அதிக உருகுநிலை கொண்ட மார்கரின் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது வாயின் சூட்டிலும் முழுதாக உருகாது. சில பப்ஸைத் தின்றபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல இருப்பதற்குக் காரணம் இதுவே. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைப் பாதி அளவுக்கு ஏற்றிக் கெட்டியாக்கும் பழைய வனஸ்பதி முறையில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பும் கூடவே வந்தது. இந்தியாவில் 2022 முதல் அதற்கு உச்சவரம்பு, மொத்தக் கொழுப்பில் 2 சதவீதம்.

மைசூர்பாகுக்கு முழுக்க நெய் வேண்டுமா என்பதும் பலர் கேட்பது. பாகும் கடலை மாவும் கொதிக்கையில் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற, உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி நுரைத்து வெளியேறும். அது போன வழிகள்தான் நாம் வெட்டிப் பார்க்கும் துளைகள். இதற்குத் தேவை சூடு மட்டுமே, அதை எண்ணெயும் கொடுக்கும். சிக்கனம் பார்ப்பவர்கள் முதல் கரண்டிகளை எண்ணெயாக ஊற்றி, மணம் அடுப்பிலேயே பறந்துவிடாதபடி நெய்யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.