பச்சையைத் தேய்க்காதீங்க, ப்ளீஸ்

போன வாரம் ஒருத்தர் டிஷ்யூ பேப்பர்ல சுத்தி ஒரு முயல் கொண்டு வந்தார். இங்க இங்கிலாந்துல ஒரு உழுத வயல்ல மெட்டல் டிடெக்டர் வெச்சு எடுத்தது, என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், காதை முதுகோட ஒட்டிக்கிட்டு ஓடுற முயல், கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமன் ப்ரூச், அதாவது துணியில குத்திக்கிற வெண்கல ஊசி நகை. பளபளன்னு இருந்துச்சு. பார்த்ததுமே எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா 1800 வருஷம் மண்ணுல கிடந்த வெண்கலம் பளபளன்னு இருக்கவே கூடாது. "ரெண்டு நாள் வினிகர்ல ஊற வெச்சேன், அப்புறம் டூத் பிரஷ்"ன்னார் சந்தோஷமா. இந்த வருஷம் மட்டும் எனக்கு இது நாலாவது.

மைக்ரோஸ்கோப்ல வெச்சா உடம்புல இருக்குற குழி எல்லாம் காலி. அதெல்லாம் எனாமலுக்காகவே விட்ட குழி, கலர் கண்ணாடித்தூளைப் போட்டு உருக்கி நிரப்பியிருப்பாங்க. கண்ணுக்கான குழியில மட்டும், பாதிக் கடுகு அளவு கூட இருக்காது, ஒரு துணுக்கு நீலம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பழைய வெண்கலத்து மேல தெரியுற பச்சைன்னா அழுக்குன்னு யார் சொன்னாங்கன்னு தெரியல, ஆனா எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அழுக்கு வெளியில இருந்து வந்து ஒட்டுறது. இந்தப் பச்சை ஒட்டுனது இல்லங்க, அந்த உலோகமே மாறுனது. மண்ணோட ஈரத்துல, வெண்கலத்துல இருக்குற செம்பு மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பச்சையா மாறிட்டே வருது, அப்போ அந்த ஆசாரி உளியால கீறுன முயல் முடிக் கோடு, மேல பூசுன மெல்லிசான வெள்ளீயப்பூச்சு எல்லாம் இப்போ உலோகத்துல இல்ல, பச்சைக்குள்ளதான் இருக்கு. அதைக் கரைச்சா கிடைக்கிறது தோல் உரிச்ச முயல். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமேன்னு கேக்காதீங்க, அது தினம் புழங்குற பொருள், மேல லேசா கறுத்திருக்கும், அவ்வளவுதான். வினிகர், எலுமிச்சை, கோலா, டூத்பேஸ்ட், எலக்ட்ராலிசிஸ் கிட் எல்லாம் இதுக்கு எமன்தான்.

இன்னொண்ணு. குழிக்குள்ள பச்சையா தெரியுறது எல்லாமே பச்சை எனாமலாவோ களிம்பாவோதான் இருக்கணும்னு இல்ல. சிவப்பு எனாமலுக்கு அந்த நிறமே செம்புல இருந்துதான் வருது, அது கெட்டா மேல பச்சையாயிடும், உடைஞ்ச ஓரத்துல பார்த்தா உள்ள இன்னும் சிவப்பு இருக்கும். களிம்புன்னு நினைச்சு ஊசியால நோண்டி எடுத்துடுறாங்க! பின்னாடி பின் மாட்டுற இடத்துல துரு கட்டியிருந்தா அதையும் தொடாதீங்க, போட்டிருந்த துணியோட நூல் சில சமயம் அந்தத் துருவுல அப்படியே பதிஞ்சிருக்கும்.

பயப்பட வேண்டிய பச்சை ஒண்ணே ஒண்ணுதான், புள்ளி புள்ளியா வர்ற வெளிர்பச்சைப் பொடி. அது குளோரைடு வேலை, ஈரம் பட்டா வளரும். உடனே எங்கள மாதிரி, பழம்பொருளைக் கெடாம பாதுகாக்குற கன்சர்வேட்டர்கிட்ட கொண்டு வாங்க.

கிடைச்சதும் பண்ண வேண்டியது கொஞ்சம்தான். மண்ணோடவே விடுங்க. ஹேர் ட்ரையர், ஹீட்டர், வெயில் வேண்டாம், சடார்னு காய்ஞ்சா எனாமல் உதிரும். பஞ்சுல வைக்காதீங்க, நாரு மாட்டி இழுக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா, மெத்துனு ஆசிட் இல்லாத டிஷ்யூ, போதும். எடுத்த இடத்துலயே நின்னு போன்ல லொகேஷன் குறிங்க, வீட்டுக்கு வந்து ஞாபகத்துல எழுதாதீங்க.

அந்த இடம் ஏன் முக்கியம்னா, லெஸ்டர்ஷயர்ல 1485ல நடந்த போஸ்வொர்த் சண்டையோட களத்தைத் தேடி டிடெக்டர் சர்வே பண்ணப்போ குதிரைவீரன் உருவத்துல ரோமன் ப்ரூச்சுகள் கூட்டமா கிடைச்சு, அங்க ஒரு ரோமன் கோயில் இருந்த இடமே தெரிய வந்துச்சு. எங்க கிடைச்சதுன்னு எழுதாம அதெல்லாம் தனித்தனியா பாக்கெட்ல போயிருந்தா? தனியா கிடைக்குற ஒரு வெண்கல ப்ரூச் பொதுவா இங்க இருக்குற புதையல் சட்டமான 1996 ட்ரெஷர் ஆக்ட்ல வராது, அதனால சொல்லணும்னு சட்டம் உங்களை இழுக்காது. அதனாலதான் கெஞ்சிக் கேக்குறேன், பொதுமக்கள் கண்டெடுக்குற பழம்பொருளைப் பதிவு பண்ற போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்ல உங்க ஏரியா ஆபீசர்கிட்ட காட்டுங்க. காசு வாங்க மாட்டாங்க, பதிவு பண்ணிட்டு திருப்பிக் கொடுத்துடுவாங்க.

ஏற்கனவே வினிகர்ல போட்டுட்டீங்களா? வெளியில எடுங்க, மேல எதுவும் தடவாதீங்க, தேய்க்காதீங்க. எதுல எத்தனை மணி நேரம் ஊறுச்சுன்னு மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டேன். ஊறுன வினிகரையும் கொட்டாம ஒரு பாட்டில்ல கொண்டு வாங்க, அடியில எனாமல் துணுக்கு கிடக்கலாம்.