வலிப்பு நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள்

மான்செஸ்டர் பகுதி இளைஞர்கள் நால்வரின் ஜாய் டிவிஷன் இசைக்குழு 1976-இல் தொடங்கி 1980 மே மாதத்தோடு முடிந்துபோனது. அவர்கள் இசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நரம்பியல் மருத்துவராக என்னை உலுக்குவது பாடகர் இயன் கர்ட்டிஸின் கடைசி ஒன்றரை ஆண்டுதான்.

1978 டிசம்பரில் லண்டன் கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது அவருக்குக் கடுமையான வலிப்பு வந்தது. அடுத்த மாதமே நோய் உறுதியானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியில் இருந்தவர் அவர். அங்கே வந்துபோன, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மரணம் அவருடைய பாட்டு ஒன்றுக்கே கருவானது. அந்த நோய் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். பயணமும் தூக்கமின்மையும் மட்டும் குறையவில்லை. 1980 ஏப்ரல் 4 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில், வெட்டி வெட்டி எரியும் ஸ்ட்ரோப் விளக்கின் கீழ் வலிப்பு வந்து விழுந்தார். அவருடைய ஆட்டமே கைகால் இழுப்பதுபோல் இருக்கும் என்பதால், மேடையில் அவருக்கு வலிப்பு வந்தாலும் ரசிகர்கள் ஆட்டம் என்றே நினைப்பார்கள். அன்றிரவே இன்னொரு மேடையிலும் பாடினார். மே 18, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பும் தறுவாயில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. குடும்பச் சிக்கலும் இருந்தது. ஒற்றைக் காரணம் சொல்லவே கூடாது.

என் ஓ.பி.யில் பெற்றோர் சொல்வது: "மூணு மாசமா ஃபிட்ஸ் வரல டாக்டர், நல்லா இருக்கான்." பையன் தரையைப் பார்த்தபடி இருப்பான். அவர்களைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தூக்கம் எப்படிப்பா? எதுலயாவது மனசு ஒட்டுதா?" என்று கேட்டால்தான் பேச்சு வரும். வேலையில் சேர்க்க மறுத்தது, வண்டி ஓட்ட முடியாதது, கல்யாணப் பேச்சு முறிந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். பெனோபார்பிடோன், லெவிடிராசிட்டம் போன்ற வலிப்பு மருந்துகளும் சிலருக்கு மனநிலையைக் குலைக்கும். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாம், மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சையும் உண்டு. விளக்கு வெளிச்சத்தால் வலிப்பு வருவது மிகச் சிலருக்குத்தான். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் நான் அன்றாடம் பார்க்கும் காரணங்கள்.

"வாழவே பிடிக்கல" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.