கதவில் ஒட்டிய சங்கீதமும் ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணும்

2021 மே மாதம். சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்ட நாட்கள் அவை. நான் நெஞ்சக நோய் மருத்துவர். என் வார்டில் நடைபாதைவரை நோயாளிகள் இருந்தார்கள். ஒரு மாலை, ஏற்காட்டு மலையிலிருந்து எஸ்டேட் மேஸ்திரி ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பதைத் தாண்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உட்கார்ந்தபடியே வந்திருந்தார்.

"தோத்திரம் டாக்டரம்மா. பெருசா ஒண்ணும் இல்லீங்க, லேசா அசதிதான்" என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 74. தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினாலே நாங்கள் கவலைப்படுவோம். மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டு போவதுதான் கொரோனாவின் பெரிய ஏமாற்று.

காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார். "ஒன்பது நாளுங்க."

"ஏம்மா இத்தனை நாள் வரலை?"

அந்தம்மா கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "சபையில தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னுதாங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விவரம் தெரிந்தது. "நம்ம சபையில ஒருத்தரையும் இது தொடாது" என்று அவர்கள் கூட்டத்தில் அறிக்கையிட்டு ஜெபித்திருக்கிறார்கள். பைபிளில் உள்ள 91ஆம் சங்கீதத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்து, வாசல் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். "வாதை உன் கூடாரத்தை அணுகாது." ஏப்ரல் கடைசியில் ஆலயங்களை மூடியதும் ஜெபக்கூட்டம் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீடு ஒன்றுக்கு மாறியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, குளிருக்கு அடைத்த சன்னல், பதினைந்து பேர் சேர்ந்து பாட்டு. காய்ச்சலோடு இவரும் இரண்டு முறை போய்ப் பாடியிருக்கிறார். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே.

மூன்று வாரம் போராடி மேஸ்திரி பிழைத்தார். அவர் வார்டில் இருந்தபோதே, அந்த அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய ஒரு ஆயா இறந்துபோனார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மேஸ்திரி என்னிடம் கேட்டார். "என்னாலதானேங்க டாக்டரம்மா?"

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே கிருமி பரவும். அந்த அறையில் வேறு யாருக்கு இருந்தது என்று யார் கண்டது? இதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார், முகம் மட்டும் தெளியவில்லை. அந்தக் கேள்வியை அவர் மட்டும் சுமப்பது நியாயமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நானும் சபையில் வளர்ந்தவள்தான். காய்ச்சலில் படுத்த நாட்களில் அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்ததும் இதே சங்கீதம்தான். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவிசேஷத்தில் இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுவது யார் என்று நம் மேடைகளில் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. பிசாசுதான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வசனத்தில் பிழையில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் சொல்லிவிட்டு இயேசு குதிக்காமல் நிற்கிறார். அந்த லயன் வீட்டில் சன்னலை அடைத்துக்கொண்டு பாடியபோது, ஆயாவையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் குதித்தார்கள்.

ஒரு சபை "இங்கே யாருக்கும் வராது" என்று சொன்ன நிமிடத்திலேயே, அங்கே முதலில் காய்ச்சல் காணும் ஆளுக்கு வாய் அடைத்துப்போகிறது. சொன்னால் அவருடைய விசுவாசம் கெட்டுவிட்டது, அல்லது வீட்டில் ஏதோ பாவம். "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதற்கு, இரண்டுமில்லை என்று இயேசு சொல்லி இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் நோயாளியிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். ஊரும் சளைத்ததில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்ததை மேஸ்திரியும் டிவியில் பார்த்திருந்தார். மறைத்தது தப்புதான். மறைக்க வைத்தவர்கள் எத்தனை பேர்?

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் வந்தபோது, ஊரைவிட்டு ஓடலாமா என்று கேட்ட போதகர்களுக்கு திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பல்கலைக்கழகமே ஊரைவிட்டு வெளியேறியது. அவர் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். ஜெபிப்பேன், பிறகு புகை போட்டுக் காற்றைச் சுத்தம் செய்வேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன், என்னால் இன்னொருவர் சாகக் கூடாது, ஆனால் அயலானுக்கு நான் தேவை என்றால் எந்த இடத்துக்கும் போவேன் என்பது அதன் சாரம். மருந்தை அலட்சியம் செய்வது தேவனைப் பரீட்சை பார்ப்பது என்கிறார். நோயை மறைத்துக்கொண்டு கூட்டத்தில் கலப்பவர்களைத் தண்டனைக்கே ஒப்படைக்கச் சொல்கிறார். அந்தக் கடுமை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தவள் நான்.

"சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள்" என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. 1576இல் இத்தாலியின் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்தபோது பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடம் அமைத்தார். மக்கள் வீட்டுச் சன்னலில் நின்றபடி ஆராதித்தார்கள். கூடிவருவதற்கு அப்படியும் வழி உண்டு.

பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். சும்மா மூச்சு விடுவதைவிடப் பாடும்போது நுண்துளிகள் பல மடங்கு வெளியே வரும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி எடுத்தது. 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். நோய் பரவும் காலத்தில் வெட்டவெளியில் பாடுங்கள். உள்ளேதான் வேண்டுமென்றால் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிட்டு, முகக்கவசத்தோடு, சுருக்கமாகப் பாடுங்கள்.

தடுப்பூசி வந்தபோது, அதுதான் பைபிளில் சொல்லும் மிருகத்தின் 666 முத்திரை என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. "வலதுல வேண்டாம்மா, இடது கையில போடுங்க" என்று மலையில் ஒரு தாத்தா கேட்டார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வலதுகை என்றுதானே இருக்கிறது! இடது கையிலேயே போடச் சொன்னேன். அந்தப் பகுதியில் முத்திரை மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தது, ஊசி வழியாகத் தெரியாமல் ஏறிவிடாது என்றும் அவரிடம் சொன்னேன். கருக்கலைப்பு தொடர்பான பழைய செல்களைக் கொண்டு ஆய்வு நடந்தது என்று கத்தோலிக்க நண்பர்கள் தயங்கினார்கள். வேறு வழி இல்லாதபோது அந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரில் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. ஊசி போடுவது அவரவர் விருப்பம், மனசாட்சிப்படி மறுப்பவர் தன்னால் நோய் பரவாமல் பார்த்துக்கொள்ள முழு முயற்சி எடுக்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

கொரோனா முடிந்த கதைதானே என்று கேட்கலாம். என் மேஜைக்குத் தினமும் வருவது காசநோய். அதுவும் காற்றில்தான் பரவுகிறது, அதையும் மறைக்கிறார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாத மாத்திரையில் குணமாகும். போதகர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. "காய்ச்சலோ இருமலோ இருந்தால் வீட்டில் இருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை, நாங்கள் போன் செய்கிறோம், வாசலில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறோம்" என்று மேடையிலிருந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். மருத்துவர் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும். சொன்னபடி சாப்பாடும் போகவேண்டும்.

போன டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் இருமல் முகாமுக்காக மலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அதே லயனில் ஜெபம், என்னையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரி எழுந்துபோய் இரண்டு சன்னலையும் திறந்தார். பனி குபுகுபுவென்று உள்ளே வந்தது; முன்னால் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். "எனக்கு நேத்துல இருந்து இருமலுங்க, நான் வெளிய உக்காந்துக்கறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு அவர் திண்ணைக்குப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் பாட்டு தொடங்கியதும் ஒரு பையன் கம்பளியை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.